பட்டினிச் சனி

காப்பகத்து வாசலில் பெரிய பலகை ஒன்று இருக்கிறது. ஒரு குழந்தை நாய்க்குட்டியைக் கட்டிக்கொண்டு சிரிக்கிற படம். கீழே, 'அன்புக்கு ஒரு வீடு கொடுங்கள்' என்று எழுதியிருக்கும். அந்தப் பலகையைத் தாண்டி இருபதடி நடந்தால் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும். நாற்பது கூண்டு, நாற்பது நாய், நாளொன்றுக்குக் குறைந்தது எண்பது தடவை பீ. பலகை எழுதினவன் உள்ளே வந்து பார்த்துவிட்டு எழுதவில்லை.

அதையெல்லாம் கழுவுகிறவளைத் தெருவில் பினாயில் என்று கூப்பிடுவார்கள். அவள் முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். அவளும் திரும்பி என்ன என்று கேட்பாள். ஒன்பது வருஷமாகக் காப்பகத்தில் கூண்டு கழுவி, எத்தனை சோப்பு போட்டுக் குளித்தாலும் அந்த வாடை தலைமுடியை விட்டுப் போகவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்து கம்பியைப் பிடித்து நிற்பார்கள். காலை நீட்டி உட்கார்ந்துகொள்ள இடம் கிடைத்தது என்று அவள் அதையும் வசதியாகத்தான் எடுத்துக்கொண்டாள்.

காலை ஆறு மணிக்கு வேலை தொடங்கும். ஒவ்வொரு கூண்டும் இரண்டு பாதி, நடுவே ஓர் இழுப்புக் கதவு. நாயை ஒரு பாதிக்குத் தள்ளிக் கதவைப் போட்டுவிட்டு மறு பாதியைக் கழுவ வேண்டும். முதலில் தகரத் தட்டால் சுரண்டி வாளியில் போட வேண்டும். கழிச்சலாக இருந்தால் மரத்தூளைத் தூவி, அது ஊறும் வரை அடுத்த கூண்டைப் பார்க்க வேண்டும். பிறகு குழாய்த் தண்ணீர், பிறகு பினாயில், பிறகு ரப்பர் கட்டையால் தண்ணீரைச் சாக்கடைக்குத் தள்ளுவது. தெரியாதவர்கள் முதலிலேயே தண்ணீரை அடித்துவிடுவார்கள். அப்புறம் அந்தக் கரைசல் பத்துக் கூண்டுக்குப் போகும். துணி நனையாமலிருக்க மேலே புருஷனுடைய பழைய முழுக்கைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொள்வாள்.

அந்தப் புருஷனுக்குச் சுருக்கு என்று பெயர். நகராட்சி வண்டியில் போய்த் தெருநாய் பிடிக்கிறவன். நீண்ட குழாயின் முனையில் கம்பிச் சுருக்கு. ஓடுகிற நாயின் கழுத்தில் ஒரே வீச்சில் மாட்டுவான். அவன் பிடித்துக் கொண்டுவருவதை அவள் கழுவுவாள். ஒரே நாய் ஒரு குடும்பத்துக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் சோறு போடுகிறது என்று அவனே சொல்லிச் சிரிப்பான்.

காப்பகத்தில் ஒரு நாய்க்கு ஆறு ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குத்தான் நாய் வேண்டுகிறவர்கள் வந்து பார்ப்பார்கள். ஆறு ஞாயிறுக்குள் யாரும் எடுத்துப் போகாத நாய் பின்கொட்டகைக்குப் போகும். பின்கொட்டகைக்கு வியாழக்கிழமைதோறும் ஊசி டாக்டர் வருவார். அங்கே போனது எதுவும் முன்பக்கம் திரும்பி வந்ததில்லை.

ஆகவே மேனேஜர் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். கைக்குட்டையில் வாசனைத் தைலம் நனைத்து மூக்கருகே பிடித்துக்கொண்டுதான் அவர் கூண்டுப் பக்கம் வருவார். எச்சில் கையால் காக்கை ஓட்டாத மனிதர், ஆனால் பேச்சில் தேன் ஒழுகும். சனிக்கிழமை மதியத்தோடு நாய்களுக்குத் தீனி நிறுத்தம். மறுநாள் பத்து மணிக்குக் கதவு திறக்கும்போது வருகிறவர்கள் கையில் ஆளுக்கொரு பிஸ்கட் பொட்டலம் கொடுத்து அனுப்புவார்கள். அவ்வளவுதான் வித்தை. இதற்கு வேலைக்காரர்கள் வைத்த பெயர் பட்டினிச் சனி.

"பசி இருந்தாத்தான்மா மூஞ்சியில ஒரு ஏக்கம் இருக்கும்" என்று வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அவளுக்கு விளக்கினார். "அந்த ஏக்கத்தப் பாத்துத்தான் ஜனங்க எடுத்துட்டுப் போறாங்க. நாம அதுங்களுக்கு நல்லதுதான் பண்றோம்."

நல்லது நடக்கவும் செய்தது, அதுதான் கொடுமை. நாற்பது நாயும் கம்பியில் மூக்கைத் தேய்க்கும், அழும், மல்லாந்து வயிற்றைக் காட்டும், கையை விரல் விரலாக நக்கும். வந்தவர்களுக்குக் கண் கலங்கும். எப்படிப் பாசமாக ஓடி வருகிறது பார் என்று போட்டோ பிடிப்பார்கள். மூன்று நான்கு நாய்க்கு வீடு கிடைத்துவிடும். மற்றவர்கள் போகிறபோது குழாயடியில் நின்று முழங்கை வரை சோப்பு போட்டுக் கழுவிவிட்டுப் போவார்கள். ஞாயிறு மதியம் அந்தக் குழாயடியில் கிடக்கும் நுரையையும் அவள்தான் தள்ள வேண்டும். ஒன்பது வருஷம் தள்ளினாள். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பது அவளுக்குப் புதிதல்ல, அதனால் எதுவும் தோன்றவில்லை.

தோன்றியது செவலை வந்த பிறகு.

செவலை ஒரு பெட்டை. நனைந்த செங்கல் நிறம், ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருக்கும். கறிக்கடைச் சந்தில் சுருக்குதான் பிடித்தான். மாட்டும்போது அது திரும்பி அவன் மணிக்கட்டைப் பதம் பார்த்துவிட்டது. கடித்த நாய் என்று அதன் அட்டையில் எழுதினால், ஏன் கையுறை போடவில்லை என்ற கேள்வி வரும். அதனால் எழுதாமல் விட்டான். அதில் செவலைக்கும் லாபம். கடித்த நாய்க்கு ஞாயிறு எதுவும் கிடையாது, நேராகப் பின்கொட்டகைதான்.

முதல் நாள் காலை பினாயில் கூண்டைத் திறந்ததும் செவலை பின்சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றபடியே மூத்திரம் விட்டது. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் வெயிலுக்குச் சட்டையைக் கழற்றித் தோளில் போடாமல் வெளியே ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போனாள். செவலை தலையைத் தூக்கிப் பார்த்தது. மெதுவாக வந்து அவள் காலை மோந்தது. சட்டையை எடுத்துவந்து நீட்டிப் பார்த்தாள். மறுபடியும் சுவர், மறுபடியும் மூத்திரம். அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. எத்தனை தடவை துவைத்தாலும் அந்தத் துணியில் அவன் இருக்கிறான். அன்றிலிருந்து அந்தக் கூண்டுக்கு மட்டும் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போவாள்.

முதல் பட்டினிச் சனியன்று மாலை ஆறு மணி இருக்கும். வாளிகளைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கிளம்புகிறவள், செவலை சுவரை நக்குவதைப் பார்த்தாள். என்றைக்கோ எந்த நாயோ சிந்திய கஞ்சி சுவரில் பொருக்காகக் காய்ந்திருந்தது. அதன்மேல் ஈ உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தது. செவலை ஈயையும் சேர்த்து நக்கியது. சிமெண்டு வரைக்கும் நக்கியது. பினாயிலுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. பீ வாளியைத் தூக்கிக்கொண்டே பலகாரம் தின்கிறவள் அவள். அவளுக்கே குமட்டியது. மதியம் சாப்பிடாமல் மிச்சம் வைத்திருந்த டப்பாச் சோற்றை அப்படியே கொண்டுபோய் உள்ளே தட்டினாள்.

மற்ற முப்பத்தொன்பது நாய்க்குப் பசிக்கவில்லையா என்று கேட்டால் பதில் இல்லை. இரக்கம் கூண்டு வரிசைப்படி வருவதில்லை. அடுத்த சனிக்கிழமை இரண்டு டப்பா கொண்டுபோனாள். ஐந்து சனிக்கிழமையும் யாருக்கும் தெரியாமல் செவலைக்கு மட்டும் வயிறு நிறைந்தது.

ஐந்து ஞாயிறும் செவலையை யாரும் எடுக்கவில்லை. மற்ற நாய்கள் கம்பியைப் பிய்த்துக்கொண்டிருக்க, அது பின்பாதியில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும். பிஸ்கட்டை எறிந்தால் ஒரு காதை அசைக்கும். திமிர் பிடித்த நாய் என்றார் ஒருவர். முகத்தைக்கூடக் காட்டவில்லை என்றாள் ஒரு பெண், கல்யாணத்துக்குப் பார்க்க வந்தவள்போல. ஐந்தாம் ஞாயிறு முடிந்ததும் மேனேஜர் கைக்குட்டையோடு வந்து அட்டையைப் பார்த்துவிட்டு, இது மனிதர்களை வெறுக்கிற நாய், அடுத்த வாரமும் இப்படியே என்றால் பின்னால் அனுப்பிவிடு என்று சொல்லிப் போனார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, வழக்கம்போலப் பின்பக்கக் குழாயில் குளித்த பிறகே உள்ளே போனாள். இது நாத்தனார் போட்ட சட்டம். சுருக்கின் அக்கா; புருஷன் போன பிறகு தம்பியோடு இருக்கிறாள். துணி தேய்க்கிற கடையில் வேலை. நாளெல்லாம் மடிப்புக் கலையாத துணியைத் தொட்டுத் தொட்டு அவளுக்கு உலகமே சுருங்கலாகத் தெரியும். இரண்டே அறை. முன்னறையில் கட்டிலும் டிவியும். பின்னறை சமையலுக்கு. அடுப்படிக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு மூலை, அங்கே அரிசி டின் இருக்கும்.

சுருக்கு வாசலில் உட்கார்ந்து கம்பிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். ஒரு சொட்டு விட்டு, சுருக்கை இழுத்து, விட்டு, மறுபடி இழுத்துப் பார்த்தான். வழுக்கிக்கொண்டு சத்தமில்லாமல் ஓட வேண்டும் அது.

"அந்தச் செவலையப் பின்கொட்டக லிஸ்ட்டுல போடப் போறாங்க" என்றாள்.

"எது, என்னக் கடிச்சுதே, அதுவா?" மணிக்கட்டைத் திருப்பித் தழும்பைப் பார்த்துக்கொண்டான். "ஏன், எவனும் எடுக்கலியா?"

"யார்கிட்டயும் வர மாட்டேங்குது. சுவத்தப் பாத்துப் படுத்துக்குது."

"பட்டினி போட்டுமா?"

அவள் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தாள்.

"ஏய், உன்னத்தான். போட்டியா இல்லையா?"

"இல்ல. என் சோத்தப் போட்டேன்."

"எத்தன வாரம்?"

"அஞ்சு வாரமும்."

சுருக்கு கம்பியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். கெட்ட எண்ணத்தோடு சிரித்தான் என்று சொல்ல முடியாது. அவனுக்கு அது உண்மையாகவே வேடிக்கையாக இருந்தது. "அடிப் பாவி. வயிறு நெறஞ்ச நாய் எதுக்குடி கண்டவன் மூஞ்சியப் பாக்கும்? நீ போட்டது சோறில்ல, ஊசி."

அவளுக்குச் சுருக்கென்றது. ஒன்பது வருஷம் அந்தக் கூண்டுகளுக்கு நடுவே கிடந்தும் இந்தச் சின்ன விஷயம் உறைக்கவில்லை. தான் ஊட்டிய ஒவ்வொரு கவளமும் செவலையை ஒவ்வொரு அடியாகப் பின்கொட்டகைப் பக்கம் தள்ளியிருக்கிறது. பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுவது மேனேஜர் வேலை. அவள் தொட்டிலை ஆட்டி ஆட்டியே பிள்ளையைக் கீழே தள்ளியிருக்கிறாள்.

வீட்டுக்குக் கூட்டிவந்துவிடட்டுமா என்று கேட்டாள். உள்ளேயிருந்து நாத்தனார் குரல் வந்தது. நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் வாலைக் குழைத்துக்கொண்டு எங்கே போகும் என்று தெரியாதா, இங்கே ஏற்கனவே வீடு முழுக்க நாய் வாடைதானே, இன்னும் என்ன குறைச்சல் என்றாள். சுருக்கு இன்னொன்று சொன்னான். தான் பிடித்த நாய் தன்னைப் பார்த்தால் மூத்திரம் விடும், அதோடு ஒரே வீட்டில் எப்படிப் படுப்பது. அது நியாயம்தான் என்று அவளுக்கே தோன்றியது.

"இன்னும் ஒரு ஞாயிறு இருக்குல்ல?" என்றான். "சனிக்கெழம வரைக்கும் நிக்காத. வெள்ளிக்கெழம காலையிலயே நிறுத்திடு. ரெண்டு முழு நாள். ஞாயித்துக்கெழம பாரு, எவன் கால வேணா நக்கும்."

"ரெண்டு நாளா?"

"ரெண்டு நாளுதான். செத்தா போயிடும்?"

நாத்தனார் தேய்த்த துணியைப் பெட்டியில் அடுக்கிவிட்டு அடுப்படி வாசலில் வந்து நின்றாள். அவள் முகத்தில் ஒரு பழைய சிரிப்பு. அந்தக் கதை வரப்போகிறது என்று பினாயிலுக்குத் தெரிந்துவிட்டது. சொந்தக்காரர்கள் கூடுகிற இடத்திலெல்லாம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதை.

"ஏன்டா, இவளே அப்படித்தான வழிக்கு வந்தா? கல்யாணமாகி வந்த புதுசு. யார்கிட்டயும் பேச மாட்டா. அந்த மூலையில சுவத்தப் பாத்து உக்காந்துக்குவா. மூணு நாள் பாத்தேன். அடுப்படியப் பூட்டிச் சாவிய இடுப்புல சொருகிட்டேன்ல? ரெண்டு நாளுதான். மூணாம் நாள் காலையில எந்திரிச்சுப் பாத்தா, வாசல் கூட்டியாச்சு, பாத்திரம் கழுவியாச்சு, 'அண்ணி, அண்ணி'ன்னு என் பின்னாடியே சுத்துறா. பாக்கறவங்க எல்லாம் என்ன சொன்னாங்க? ஒங்க வீட்டுக்கு வந்த மருமக எவ்ளோ பாசமா ஒட்டிக்கிட்டான்னாங்க."

சுருக்கு சிரித்தான். கதையின் இந்த இடத்தில் பினாயிலும் சிரிக்க வேண்டும். இருபது வருஷமாகச் சிரித்திருக்கிறாள், சில தடவை வேண்டுமென்றே, சில தடவை தானாகவே. அன்றைக்கு வரவில்லை. பூட்டிய கதவின் கீழ்இடுக்கு வழியாக வந்த தாளிப்பு வாசனை மூக்கில் ஏறியது. நாத்தனார் முதல் கவளத்தை நீட்டியபோது, தான் அந்தக் கையைப் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டதும் நினைவு வந்தது. அந்தக் கைமேல் அப்போது அவளுக்கு நிஜமாகவே அப்படியொரு பிரியம் பொங்கியது. அதை நினைக்கத்தான் இப்போது அருவருப்பாக இருந்தது. தட்டில் போட்டிருந்த சோற்றை மூடி வைத்துவிட்டு எழுந்தாள். அன்றிலிருந்து ஒரு பிடிக்கு மேல் இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை மற்ற தட்டுகளில் கஞ்சி ஊற்றிக்கொண்டே வந்து, செவலையின் தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்த கூண்டுக்குப் போனாள். செவலை அவள் கையைப் பார்த்தது. டப்பா இருக்கிற பையைப் பார்த்தது. மதியமும் பார்த்தது. சனிக்கிழமை காலை அவள் கால்மேல் வந்து உட்கார்ந்து, எழ மாட்டேன் என்றது. பினாயில் வெளியே போய் ஆணியிலிருந்த சட்டையை எடுத்துப் போட்டுப் பொத்தானைக் கழுத்து வரை மாட்டிக்கொண்டு திரும்பி வந்தாள். செவலை சுவரோடு ஒட்டி மூத்திரம் விட்டது. அதன் பிறகு அவளிடம் வரவில்லை. மூத்திரத்தை ரப்பர் கட்டையால் சாக்கடைக்குத் தள்ளினாள். இன்றைக்கு ஒரு நாள்தான், அதற்கு நல்லதுதான் பண்ணுகிறோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மேனேஜர் குரலிலேயே சொல்லிக்கொண்டோம் என்பது அப்புறம்தான் உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் ஒரு பல் டாக்டரும் அவர் சம்சாரமும். பிள்ளைகள் வெளியூரில் படிக்கிறார்களாம், வீடு வெறிச்சென்று இருக்கிறதாம். அந்த அம்மாள் கம்பிக்குள் கையை நீட்டியதுதான் தாமதம், செவலை பாய்ந்து வந்தது. பிஸ்கட்டை வாங்கிய பிறகும் கையை விடவில்லை. உள்ளங்கையை நக்கியது, விரலிடுக்கை நக்கியது, மோதிரத்தைக் கழற்றிவிடும்போல நக்கியது. தொண்டைக்குள்ளிருந்து ஒரு அழுகை வந்தது அதற்கு. அந்த அம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னங்க, இது என்னையே பாத்துக்கிட்டு இருக்குங்க. இத்தன பேர்ல என்னத் தேர்ந்தெடுத்திருக்கு பாருங்க."

மேனேஜர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துவிட்டுக் கை தட்டினார். கையெழுத்து ஆனது, கழுத்துப் பட்டை மாட்டியானது, போட்டோ ஆனது. செவலை காரில் ஏறும்போது திரும்பிப் பார்க்கவில்லை. பொட்டலத்தில் இன்னும் பிஸ்கட் இருந்தது. பினாயில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தாள். வயிற்றில் ஒன்றும் இல்லாததால் கசப்பாக நீர்தான் வந்தது. ஆனாலும் வீடு கிடைத்ததே, கறியும் மெத்தையுமாக இருக்குமே என்று வாயைக் கொப்பளித்துக்கொண்டாள்.

ஒன்பது நாள் இருந்தது அந்த வீடு. செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு அதே கார் வந்து நின்றது. செவலை கொழுத்திருந்தது. மயிர் மினுமினுத்தது. பல் டாக்டர் வண்டியை விட்டு இறங்கவில்லை. அந்த அம்மாள்தான் பட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆபீஸ் அறைக்கு வந்தாள். பினாயில் அங்கே தரை துடைத்துக்கொண்டிருந்தாள். கடித்ததா என்று மேனேஜர் கேட்டார். இல்லை. வீட்டுக்குள் அசிங்கம் பண்ணியதா? அதுவும் இல்லை.

"பாசமே இல்லீங்க" என்றாள் அந்த அம்மாள். "நானே என் கையால ஊட்டறேன். வேளைக்குக் கறி, பால், எல்லாம். தின்னுட்டுப் போய் மூலையில படுத்துக்குது. கூப்பிட்டா வர மாட்டேங்குது. அன்னிக்கு இங்க எப்படி இருந்துச்சு? அந்த நாய் வேற, இந்த நாய் வேற மாதிரி இருக்கு."

மேனேஜர் வருத்தத்தோடு தலையாட்டினார். செவலையின் அட்டையை எடுத்துச் சிவப்பு மையால் 'திரும்பியது' என்று எழுதினார். திரும்பிய நாய்க்கு ஞாயிறு கிடையாது. வியாழனுக்கு இரண்டு நாள்தான். இதைவிட நல்ல நாய் இருக்கிறது, இந்த ஞாயிறு வாருங்கள் என்று அந்த அம்மாளிடம் தேனாகச் சொன்னார்.

பினாயில் துடைப்புத் துணியை வாளியில் போட்டாள்.

"அன்னிக்கு இருந்தது பாசம் இல்லம்மா" என்றாள். "பசி. ரெண்டு நாள் சோறு போடாம வெச்சிருந்தோம். நான்தான் போடல. இங்க எல்லா நாயும் அப்படித்தான் உங்களப் பாத்து ஓடி வரும். சனிக்கெழம மத்தியானத்தோட நிறுத்திடுவாங்க. சாரக் கேளுங்க."

மேனேஜரின் கை தானாகக் கைக்குட்டையைத் தேடியது. அந்த அம்மாள் முகம் வெளிறிப் போயிற்று. ஒரு நிமிஷம், அவள் மேனேஜரைப் பார்த்து ஏதாவது கேட்பாள், அல்லது குனிந்து அந்த நாயைத் தடவுவாள் என்றுதான் பினாயில் நினைத்தாள். அந்த அம்மாள் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். அன்றைக்கு நக்கிய கை. அதைச் சேலையில் அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"ச்சீ" என்றாள். "அப்போ அது எங்கள ஏமாத்தியிருக்கு."

பட்டையைக் கீழே போட்டுவிட்டுப் போனாள். காருக்குப் போகிற வழியில் குழாயடியில் நின்று கை கழுவினாள். மேனேஜர் குரலை உயர்த்தவில்லை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று மட்டும் சொன்னார், எப்போதும்போல அம்மா போட்டுத்தான் சொன்னார். பினாயில் கீழே கிடந்த பட்டையை எடுத்தாள். மேனேஜர் தடுக்கவில்லை, ஓர் ஊசிச் செலவு மிச்சம். முன்வரிசை வழியாக நடந்தபோது முப்பத்தொன்பது நாயும் குரைத்தன. சட்டையை ஆணியிலேயே விட்டுவிட்டுச் செவலையோடு வெளியே வந்தாள். பஸ்ஸில் நாயை ஏற்ற மாட்டார்கள். வீடு வரைக்கும் நடந்தாள்.

நாத்தனாருக்கு அன்று கடை லீவு. வாசலில் நாயைப் பார்த்ததும் வாயில் கை வைத்தாள். வேலையும் போய்விட்டது என்று தெரிந்ததும் கையை எடுத்து, ஒரு மூச்சுத் திட்டித் தீர்த்தாள். பழமொழிகளெல்லாம் ஒரு சுற்று வந்து முடிந்தன. கடைசியில், இந்தச் சனியன் எங்கே படுக்கும், கட்டிலிலா என்று கேட்டாள்.

"அந்த மூலையில" என்றாள் பினாயில். அரிசி டின்னைத் தூக்கி நகர்த்தி வைத்தாள். "நான் உக்காந்திருந்தேனே அண்ணி, அங்க."

நாத்தனார் மூலையைப் பார்த்தாள், டின் இருந்த இடத்தில் வட்டமாகத் துருக்கறை இருந்தது. ஒரு கிழிந்த விரிப்பைக் கொண்டுவந்து போட்டுவிட்டு முன்னறைக்குப் போய்விட்டாள். அந்த விரிப்பும் நான்காக மடித்துத்தான் இருந்தது.

செவலைக்குச் சோறு போட்டாள். தின்று முடித்ததும் இன்னும் போட்டாள். அது தட்டில் மிச்சம் வைக்கும் வரை போட்டாள்.

சுருக்கு ஆறு மணிக்கு வந்தான். தெருமுனையில் வரும்போதே செவலைக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து சுவரோடு ஒட்டியது. அவன் வாசற்படியில் கால் வைத்ததும் விரிப்பு நனைந்தது. நடந்ததை நாத்தனார் உள்ளேயிருந்தே சொன்னாள். அவன் கத்தவில்லை. எப்படியும் வேறு வேலை தேடிக்கொள்ளலாம் என்றுகூடச் சொன்னான். சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுப் பின்பக்கம் போய்ச் சோப்பு போட்டுக் குளித்தான். வந்து எட்டிப் பார்த்தான், நாய் நடுங்கியது. மறுபடி போனான், மறுபடி சோப்பு. இந்தத் தடவை துணி துவைக்கிற சோப்பு. தண்ணீர் சொட்டச் சொட்ட வாசலில் வந்து நின்றான். செவலை பல்லைக் காட்டியது. தன் வீட்டு வாசலில் உள்ளே வர முடியாமல் நிற்கிற ஆளைப் பார்க்க அவளுக்குப் பாவமாகவும் இருந்தது.

"இதுக்கு ஒரு வழி இருக்கு" என்றான் பொறுமையாக. "ரெண்டு நாள் ஒண்ணும் போடாத. மூணாம் நாள் நான் என் கையால வெக்கறேன். அப்புறம் பாரு, என் காலச் சுத்திக்கிட்டே கெடக்கும். ஒனக்கே பொறாமையா இருக்கும்."

"வேண்டாங்க" என்றாள்.

"அட, நாயிடி அது. பழகிக்கும்."

"தெரியும். பழகிக்கும்." அவள் நனைந்த விரிப்பைச் சுருட்டிக் கையில் எடுத்தாள். "இந்த வீட்டுல ஒருத்திய அப்படிப் பழக்குனது போதும். இது வயிறு நெறஞ்சு வரட்டும். வரலன்னா வர வேண்டாம்."

முன்னறையில் டிவி சத்தம் நின்றது. சுருக்கு அக்காவைப் பார்த்தான். அவள் மடித்த துணியையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ நான் எங்க சாப்பிடறது?"

"படியில."

தட்டில் போட்டுக் கொண்டுபோய்ப் படியில் வைத்தாள். குழம்பு, பொரியல், அப்பளம், எதிலும் குறை வைக்கவில்லை. அவன் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். தெருவில் போகிற ஒருவர், என்ன வெளியே உட்கார்ந்துவிட்டாய் என்று கேட்டார். காற்றுக்காக என்று சொல்லிப் பிசைந்தான்.

உள்ளே செவலையின் நடுக்கம் அடங்க நேரமாயிற்று. அடங்கியதும் வீட்டில் இருக்கிற மூன்று பேருக்கும் முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்துப் படுத்தது. வயிறு மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"பாசமே இல்லாத சனியன்" என்றான் சுருக்கு படியிலிருந்து. "ஒன்னக்கூடத் திரும்பிப் பாக்கல பாரு."

"சாப்பிட்டிருக்கு" என்றாள் பினாயில்.

தனக்கும் ஒரு தட்டில் போட்டுக்கொண்டாள். மூலையில், நாய்க்குப் பக்கத்தில், வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். இரண்டு வாரத்துக்கு மேலாக இறங்காத சோறு இறங்கியது. தட்டை வழித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ள எழுந்தாள். நாத்தனார் ஏதோ கேட்டாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.